எடுக்கிறதே எடுக்கிறோம், பெரிய மெஷினாகவே எடுத்துவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் மாட்டும் வேலையைச் சொந்தமாக ஆரம்பிக்கிறீர்கள், கையில் இருப்பது ஒரு பழைய வயர் டிரில் மட்டும். பேட்டரி டிரில் ஒன்று வாங்க வேண்டும். கடைக்காரர் 12 வோல்ட் போதும் என்கிறார், கூட வேலை செய்கிறவர் "எடுக்கிறதே எடுக்கிற, 100 நியூட்டன் மீட்டருக்கு மேல இருக்கிறதா எடு, காலத்துக்கும் நிக்கும்" என்கிறார் (நியூட்டன் மீட்டர் என்பது டார்க், அதாவது மெஷின் சுழற்றும் பலத்தின் அளவு). யார் பேச்சைக் கேட்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. 18 வோல்ட் வாங்குங்கள், ஆனால் அதில் சின்ன பாடி உள்ளது, பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது), 50 நியூட்டன் மீட்டரை ஒட்டியது, 2 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு. கான்கிரீட்டில் ஓட்டை போட அதை நம்ப வேண்டாம், அதற்கு வயர் உள்ள ரோட்டரி ஹேமர் தனியாக. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டால்தான் கடையில் வேறு மாடலைக் காட்டி வேறு கணக்குச் சொல்லும்போது தடுமாறாமல் இருப்பீர்கள், அதனால் மீதியை நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் வேலையில் மெஷின் கையில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி எதற்குப் போகிறது என்று பாருங்கள். 18 மி.மீ பிளைவுட்டில் பைலட் ஓட்டை, ஒன்றரை இன்ச் கறுப்பு ஸ்க்ரூ, கீல் மாட்டும் 16 மி.மீ ஸ்க்ரூ, டிராயர் சேனல், கைப்பிடி. இவற்றில் எதுவும் பலம் கேட்கும் வேலை இல்லை, எல்லாமே இடம் கேட்கும் வேலை. 300 மி.மீ அகல பேஸ் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் பாட்டில் வைக்கும் புல்அவுட் போடுகிறோமே, அந்த அளவு. இரண்டு பக்கமும் 18 மி.மீ பலகை போக உள்ளே 264 மி.மீ. மகிட்டாவின் டிஎச்பி481 என்று ஒரு டிரில் இருக்கிறது, 125 நியூட்டன் மீட்டர், மரத்தில் எதைக் கொடுத்தாலும் குடைந்துவிடும், நல்ல மெஷின். அதன் நீளம் 205 மி.மீ. பிட்டும் ஸ்க்ரூவும் ஒரு 50 என்று வைத்தால் 255. மெஷினின் முதுகில் உள்ளங்கை வைத்து அழுத்த ஒரு சென்டிமீட்டர் கூட மிச்சமில்லை. சாய்த்துப் பிடித்து அடிப்பீர்கள், ஸ்க்ரூவின் பிளஸ் தேய்ந்துபோகும், தலை கோணலாக உட்கார்ந்து டிராயர் உள்ளே போகும்போது உரசும். 150, 160 மி.மீ நீளமுள்ள சின்ன மெஷின் அதே இடத்தில் நேராக நின்று வேலையை முடித்துவிடும். அதுமட்டுமில்லை, அந்தப் பெரிய மெஷின் 5 ஏஎச் பேட்டரியோடு 2.7 கிலோ. லாஃப்டுக்குக் கதவு மாட்டும்போது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள், மூன்றாவது கதவில் கீல் அரை மி.மீ தள்ளிப் போவதற்குக் கண் காரணமில்லை, தோள்தான் காரணம்.

பெரிய மெஷினுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை விளம்பரத்தில் யாரும் எழுத மாட்டார்கள். 125 நியூட்டன் மீட்டர் என்பது பிட்டுக்கு மட்டும் கிடைக்கும் பலமில்லை. பிட் எங்காவது ஆணியிலோ கம்பியிலோ மாட்டி நின்றுவிட்டால் அதே பலம் உங்கள் மணிக்கட்டுக்குத் திரும்பி வரும். கை, மெஷினின் அச்சிலிருந்து 15 செ.மீ தள்ளி இருக்கிறது என்று வையுங்கள், 125-ஐ 0.15-ஆல் வகுத்தால் 833 நியூட்டன், ஏறக்குறைய 85 கிலோ எடை ஒரு நொடிக்குள் கையைத் திருகுகிற மாதிரி. அதனால்தான் இந்த மெஷின்களோடு நீளமான பக்கவாட்டுக் கைப்பிடி ஒன்று கொடுக்கிறார்கள். நம் ஆட்கள் அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். ஏணியில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் ஹோல்சா (பெரிய வட்ட ஓட்டை அறுக்கும் பிட்) போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது சில உயர் மாடல்களில் மெஷின் சட்டென்று சுழன்றால் மோட்டாரைத் தானே நிறுத்தும் வசதி வந்திருக்கிறது, 100-க்கு மேல் வாங்குவதாக இருந்தால் அந்த வசதி இல்லாததை வாங்காதீர்கள்.

சரி, அப்படியென்றால் 12 வோல்ட்டே போதுமே என்று கேட்பீர்கள். கீல், பூட்டு, சேனல் மட்டும் மாட்டுகிறவருக்கு, ஸ்விட்ச் பாக்ஸ் மாட்டும் எலக்ட்ரீஷியனுக்கு, ஏசி சர்வீஸ் ஆட்களுக்கு, யுபிவிசி ஜன்னல் மாட்டுகிறவர்களுக்கு 12 வோல்ட்டை மிஞ்சி ஒன்று கிடையாது. பேட்டரியோடு ஒரு கிலோவை ஒட்டித்தான் எடை. பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போய்விடலாம். உங்களுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால் இரண்டு காரணம். ஒன்று, 35 மி.மீ கீல் கப், அதாவது கீலின் கிண்ணம் உட்காரக் கதவில் போடும் வட்டக் குழி. ஒரு கிச்சனுக்கு நாற்பது, ஐம்பது கப் ஓட்டை சாதாரணமாக வரும். 12 வோல்ட்டில் ஒன்றிரண்டு போட்டால் தெரியாது, வரிசையாகப் போட்டால் மெஷின் கொதித்துவிடும், பேட்டரி பாதியிலேயே இறங்கும். சிங்க் குழாய்க்கும் சிம்னி வயருக்கும் 60 மி.மீ ஹோல்சா போடும்போது இன்னும் திணறும். இரண்டாவது, நாளைக்கு ஜிக்சாவோ சர்குலர் சாவோ கிரைண்டரோ வேண்டுமென்றால் 12 வோல்ட் குடும்பத்தில் கிடைப்பதெல்லாம் சின்னச் சின்ன வேலைக்கானவை. சர்குலர் சா என்றால் 85 மி.மீ பிளேடு, 18 வோல்ட்டில் 165 மி.மீ. நீங்கள் இப்போது வாங்கப்போவது ஒரு மெஷின் இல்லை, ஒரு பேட்டரிக் குடும்பம். அடுத்த ஐந்தாறு வருஷத்துக்கு வாங்குவதெல்லாம் அந்தப் பேட்டரிக்குள்தான் அடங்க வேண்டும்.

வோல்ட் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இதில்தான். லித்தியம் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. மூன்று செல் வரிசையாக வைத்தால் 10.8, முழு சார்ஜில் 12.6, இதைத்தான் 12 வோல்ட் என்று விற்கிறார்கள். ஐந்து செல் வைத்தால் 18, முழு சார்ஜில் 21. சிலர் இதையே 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதுவார்கள், அமெரிக்காவில் அதிகம் பார்க்கலாம். 18-க்கும் 20 மேக்ஸுக்கும் பலத்தில் வித்தியாசம் கிடையாது, உள்ளே அதே ஐந்து செல்தான். இவ்வளவு வரை தப்பில்லை, விற்பனைத் தந்திரம் என்று விட்டுவிடலாம். ஆன்லைனில் பிராண்டு பெயரே கேள்விப்படாத மெஷின்களில் பேட்டரி மேல் கொட்டை எழுத்தில் 48 விஎஃப், 88 விஎஃப், 128 விஎஃப் என்று அச்சடித்திருப்பார்கள், அதுதான் சுத்தப் பித்தலாட்டம். விஎஃப் என்று ஒரு அளவே உலகத்தில் இல்லை. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதே ஐந்து செல் இருக்கும், சிலதில் அதுவும் தரமில்லாத செல். கூட வேலை செய்கிறவர் சொன்ன மாதிரி பெரிய நம்பராகப் பார்த்து எடுக்கும் ஆலோசனை நேராக இந்தக் குழியில்தான் கொண்டுபோய் விடும்.

டார்க் நம்பரிலும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது, இது ஏமாற்று இல்லை, ஆனால் புரியாமல் வாங்கினால் நமக்குத்தான் நஷ்டம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது ஹார்ட் டார்க். இரும்பில் போல்ட் முடுக்கும்போது கடைசியில் சட்டென்று நிற்குமே, அந்தக் கணத்தில் கிடைக்கிற உச்சம். மரத்தில் ஸ்க்ரூ இறங்கும்போது தொடர்ந்து கிடைப்பது சாஃப்ட் டார்க், அது எப்போதும் குறைவு. போஷ் நீல மெஷின்களில் (தொழில்காரர்களுக்கான வரிசை) இரண்டை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்பி 180 கார்பன் பிரஷ் உள்ளது, அதற்கு ஹார்ட் 54, சாஃப்ட் 21. ஜிஎஸ்பி 18வி-50 பிரஷ்லெஸ், அதற்கு ஹார்ட் 50, சாஃப்ட் 28. பெட்டியில் சின்ன நம்பர் போட்ட மெஷின்தான் பிளைவுட்டில் பலசாலி. கடையில் கேட்கும்போது சாஃப்ட் டார்க் எவ்வளவு என்று கேளுங்கள், தெரியாது என்றால் கம்பெனித் தளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் இருக்கும். இதே காரணத்துக்காகத்தான் பிரஷ்லெஸ் என்று அழுத்திச் சொல்கிறேன். கார்பன் தேய்மானம் இல்லை, உரசல் சூடு குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் ஓட்டை. விலை வித்தியாசம் இருக்கிறதுதான், தினமும் ஓடுகிற மெஷினில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும்.

பேட்டரிக்கு வருவோம். நிறையப் பேர் நினைப்பது போல ஏஎச் என்பது எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு மட்டுமான கணக்கு இல்லை, எவ்வளவு பலம் தள்ளும் என்பதும் அதில்தான் இருக்கிறது. வோல்ட்டை ஏஎச்சால் பெருக்கினால் வாட் ஹவர். 12 வோல்ட் 2 ஏஎச் என்றால் உண்மையில் 10.8 பெருக்கல் 2, 21.6. 18 வோல்ட் 2 ஏஎச் 36. 18 வோல்ட் 5 ஏஎச் 90. சாதாரண 2 ஏஎச் பேட்டரியில் ஐந்து செல் ஒரே வரிசையில் இருக்கும். பழைய வகைச் செல்லில் 4, 5 ஏஎச் என்றால் பத்து செல், இரண்டு வரிசையாக. கிரைண்டர் 30 ஆம்பியர் இழுக்கிறது என்றால் ஒற்றை வரிசையில் ஒவ்வொரு செல்லும் 30 ஆம்பியர் கொடுத்தாக வேண்டும், இரட்டை வரிசையில் 15 கொடுத்தால் போதும். அதனால்தான் ஒரே மெஷின் 2 ஏஎச் போட்டால் திணறி நின்றுவிடுகிறது, 4 ஏஎச் போட்டால் வேறு மெஷின் மாதிரி ஓடுகிறது. மெஷினைக் குறை சொல்லிக்கொண்டு மாற்றுகிறவர்களில் பாதிப் பேர் மாற்ற வேண்டியது பேட்டரியைத்தான்.

இந்தக் கணக்குத்தான் 18 வோல்ட் சின்ன பாடியைச் சரியான தேர்வாக்குகிறது. செல் ஒன்று 45, 48 கிராம். ஐந்து செல்லைக் குறைத்தாலே கால் கிலோவுக்குப் பக்கமாக எடை இறங்கிவிடும். கீல் மாட்டும்போது 2 ஏஎச் போட்டுக்கொண்டால் மெஷின் 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம்தான் மேலே, கப் ஓட்டை வரிசையாகப் போடும் நாளில் பிறகு தனியாக வாங்கும் 4 ஏஎச்சை மாட்டிக்கொள்ளலாம். பெரிய பாடியில் இந்த வசதி கிடையாது, கியர்பாக்ஸும் மோட்டாரும் கனமானவை, பேட்டரியைச் சின்னதாக்கினாலும் இரும்பின் எடை போகாது.

இப்போது சுவர். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் பெரிய டிரில் வாங்கி ஏமாறுகிறார்கள். டிரில்லில் சுத்தியல் படம் போட்ட ஹேமர் மோடு இருக்கிறதே, அதற்குள் இருப்பது பல் வைத்த இரண்டு வட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி டர்ர்ர் என்று அதிரும், அவ்வளவுதான். அடியின் பலம் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதிலிருந்துதான் வருகிறது. செங்கல்லில், ஹாலோ பிளாக்கில் 6, 8 மி.மீ ஓட்டைக்கு அது தாராளம். ஏஏசி பிளாக்கில் (எடை குறைந்த, காற்றுக் குமிழி உள்ள கல்) ஹேமரே போடாதீர்கள், வெறுமனே சுற்றினாலே இறங்கும், ஹேமர் போட்டால் ஓட்டை அகன்று ரால் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். லிண்டல், பீம், தூண் என்று கான்கிரீட் வந்துவிட்டால் 50 நியூட்டன் மீட்டர் டிரில்லும் நிற்கும், 125 உள்ளதும் ஏறக்குறைய நிற்கும், ஏனென்றால் கான்கிரீட்டை உடைப்பது சுழற்றும் பலம் இல்லை, அடிக்கும் பலம். ரோட்டரி ஹேமரில் உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது, அழுத்த வேண்டியதில்லை, பிடித்துக்கொண்டு நின்றால் போதும். 2-26 என்று எல்லாச் சைட்டிலும் சொல்வார்களே, போஷ் ஜிபிஎச் 2-26, அது 2.7 ஜூல் அடி, எஸ்டிஎஸ் பிளஸ் பிட் (சாவி இல்லாமல் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் வகை). இந்த வகையில் வயர் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

புது அடுக்குமாடிகளில் மைவான் முறையில் கட்டிய சுவர்களைப் பார்த்திருப்பீர்கள், அலுமினிய அச்சு வைத்து மொத்தச் சுவரையும் கான்கிரீட்டிலேயே ஊற்றிவிடுவார்கள். அங்கே ஓவர்ஹெட் கேபினெட் மாட்ட ஒவ்வொரு ஓட்டையும் கான்கிரீட் ஓட்டைதான், தப்பிக்க இடமே இல்லை. அந்த வேலை எடுப்பதாக இருந்தால் ரோட்டரி ஹேமரை முதல் மெஷினாகவே வாங்குங்கள், டிரில் அப்புறம். பேட்டரியில் ரோட்டரி ஹேமர் வாங்கலாமா என்றால், 18 வோல்ட்டில் நல்லதாகவே வருகிறது, மின்சார மீட்டர் இன்னும் வராத சைட்டில் அருமை. ஆனால் பேட்டரியைத் தண்ணீராகக் குடிக்கும், விலையும் அதிகம். சுவரில் ஓட்டை போடுவது கிச்சன் ஒன்றுக்கு அரை மணி, ஒரு மணி நேர வேலை, அதற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

கட்டிங் விஷயத்திலும் அதே கருத்துத்தான். நம் ஊர் கார்பெண்டர்கள் மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு பிளைவுட் அறுக்கிறார்கள், வயர் மெஷின், மலிவு, வேகம். அதை பேட்டரிக்கு மாற்ற இப்போது அவசரமில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: 4 இன்ச் கிரைண்டரில் மர பிளேடு. கிரைண்டருக்கு அடியில் தட்டு கிடையாது, பிளேடு மரத்தில் கடித்தால் மெஷின் தொடையை நோக்கித்தான் பாயும்.

பெரிய டிரில் யாருக்குத்தான் வேண்டும் என்றால், வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தேக்கு நிலைக்கதவில் 54 மி.மீ பூட்டு ஓட்டை தினமும் போடுகிறவர்கள், கெட்டி மரத்தில் நீள ஆகர் பிட் ஓட்டுகிறவர்கள், இரும்பில் 13 மி.மீ ஓட்டை அடுக்கடுக்காகப் போடும் ஃபேப்ரிகேஷன் ஆட்கள். அவர்கள் 50 நியூட்டன் மீட்டர் மெஷின் வாங்கினால் ஒரு வருஷத்தில் கியர் போய்விடும். 36, 40 வோல்ட் மெஷின்கள் அதற்கும் மேலே, மகிட்டா 2019-ல் 40 வோல்ட் மேக்ஸ் வரிசை கொண்டுவந்தது, பத்து செல். மரம் அறுப்பது, கான்கிரீட் உடைப்பது மாதிரியான வேலைக்கு அவை. கிச்சன் மாட்டுகிறவர் அதைப் பார்த்து ஆசைப்படத் தேவையில்லை. பெயின்ட், டைல் பசை கலக்க டிரில்லைப் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: சின்னதோ பெரிதோ, பேட்டரி டிரில்லில் அதைச் செய்யாதீர்கள். குறைந்த வேகத்தில் முழு பாரம், மோட்டார் விசிறிக்குக் காற்று போதாது, உள்ளே வெந்துவிடும்.

டிரில்லுக்கு அடுத்து அதே பேட்டரியில் வாங்க வேண்டியது இம்பாக்ட் டிரைவர், பாடி மட்டும் வாங்கினால் விலை இறங்கும். 100, 150 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும், அந்த நம்பரை டிரில் நம்பரோடு ஒப்பிடாதீர்கள், இது பக்கவாட்டில் தட்டித் தட்டித் திருப்புகிறது, கையைத் திருகாது. நீளத்தில் டிரில்லைவிடச் சின்னது. இரண்டு இன்ச், மூன்று இன்ச் ஸ்க்ரூவை வெண்ணெயில் இறக்குகிற மாதிரி இறக்கும். சத்தம் மட்டும் காதைப் பிளக்கும், காதுக்குப் பஞ்சாவது வையுங்கள். கீல் ஸ்க்ரூவுக்கு இதைத் தொடாதீர்கள். இதில் கிளட்ச் (ஸ்க்ரூ இறுகியதும் சுற்றுவதை விட்டுவிடும் அமைப்பு) கிடையாது, பார்ட்டிகிள் போர்டில் 16 மி.மீ ஸ்க்ரூ ஒரு தட்டு அதிகமானாலே பொடியாகிக் கழன்றுவிடும். அதற்கு டிரில்லில் கிளட்ச்சை 4, 5-ல் வைத்து ஒரு வீண் பலகையில் சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள். டிரில்லில் 1, 2 என்று கியர் பட்டன் மேலே இருக்கும், ஹோல்சாவும் கீல் கப்பும் போடும்போது 1-ல் போடுங்கள். 2-லேயே எல்லாவற்றையும் ஓட்டிப் புகைய விட்டு "மெஷின் சரியில்லை" என்று சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் ஏராளம்.

குடும்பம் என்று சொன்னேனே, பிராண்டு ஒன்றாக இருந்தால் பேட்டரியும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். போஷில் பச்சை (வீட்டு உபயோக வரிசை) 18 வோல்ட் பேட்டரி நீல மெஷினில் ஏறாது, நீலம் பச்சையில் ஏறாது. மகிட்டாவில் ஜி வரிசை என்று விலை குறைந்த 18 வோல்ட் மெஷின்கள் உண்டு, அதன் பேட்டரி மகிட்டாவின் முக்கிய 18 வோல்ட் வரிசையான எல்எக்ஸ்டி மெஷின்களில் பொருந்தாது, எல்எக்ஸ்டி பக்கம்தான் நூற்றுக்கணக்கில் மெஷின்கள் இருக்கின்றன. ஆஃபரில் ஜி வரிசை டிரில் கிட் வாங்கிவிட்டு ஒரு வருஷம் கழித்து கிரைண்டர் பாடி தேடினால் அப்போதுதான் விஷயம் தெரியும். வாங்கும் முன் பேட்டரி மேல் உள்ள மாடல் நம்பரைப் பார்த்து, நாளைக்கு வாங்க நினைக்கும் ஜிக்சாவுக்கும் கிரைண்டருக்கும் அதே பேட்டரிதானா என்று சரிபாருங்கள்.

வளைகுடாவிலிருந்து யாராவது வரும்போது வாங்கிவரச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். மின்சாரம் ஒத்துப்போகும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும், வாரண்டி இங்கே செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து என்றால் 120 வோல்ட் சார்ஜர், இங்கே செருகினால் அன்றோடு முடிந்தது. விமானத்தில் மெஷின் செக்இன் பெட்டியில், கழற்றிய பேட்டரி கைப்பையில். 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம், அதனால் 18 வோல்ட் 5 ஏஎச் வரும், 6 ஏஎச் 108 ஆகிவிடுவதால் விமானக் கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். பேட்டரி மாட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு நிமிஷம் பிடியுங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். நீளமான மெல்லிய பிட் ஒன்றைச் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) மாட்டி மெதுவாகச் சுற்றி நுனி ஆடுகிறதா பாருங்கள். சக் 10 மி.மீயா 13 மி.மீயா என்று பாருங்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஹோல்சாவின் தண்டும் பெரிய பிட்டும் அதில் நுழைய வேண்டும். சார்ஜர் எத்தனை நிமிஷத்தில் நிரப்பும் என்று கேளுங்கள், விலை குறைந்த கிட்டில் மெதுவான சார்ஜரைத்தான் வைத்திருப்பார்கள், இரண்டு பேட்டரி இருந்தும் மதியத்துக்கு மேல் காத்துக்கொண்டு உட்கார நேரும்.

வாங்கிய பிறகு பேட்டரியை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் விடாதீர்கள், லித்தியத்துக்கு எமன் சூடுதான். வேலை முடிந்து கொதிக்கக் கொதிக்கச் சார்ஜரில் செருகினால் நல்ல சார்ஜர் விளக்கை மாற்றிக் காட்டிக்கொண்டு ஆறும் வரை காத்திருக்கும், டூப்ளிகேட் சார்ஜர் காத்திருக்காது. பத்து நிமிஷம் நிழலில் வைத்துவிட்டுச் செருகுங்கள்.

பட்ஜெட் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து வாங்கப் பணம் போதாது என்றால் டிரில் கிட்டை இப்போது வாங்கிவிட்டு, முதல் இரண்டு கிச்சனுக்கு ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுங்கள். ஹார்டுவேர் கடை இருக்கும் தெருவில் நாள் வாடகைக்குக் கொடுப்பவர் யாராவது இருப்பார், பிட் மட்டும் உங்களுடையதாகக் கொண்டுபோங்கள், அவர் கொடுக்கும் பிட் முனை பெரும்பாலும் மொட்டையாகத்தான் இருக்கும்.